மரத் தளத்தில் பலகை இடுக்கு விரிந்துவிட்டது: அடைப்பதா, பிரித்துப் போடுவதா?

கானாடுகாத்தான்காரன் (வைகாசி முதல் வாரம்)

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான்ல எங்க பூர்வீக வீட்டுப் பின்கட்டுல, கிணத்தடிக்குப் பக்கத்துல வேப்பமரத்து நிழல்ல திறந்தவெளி ஒண்ணு இருக்கு. பங்காளிகள் சம்மதத்தோட போன கார்த்திகையில அங்க ஒரு மரத் தளம் போட்டோம். அப்பத்தாவுக்கு வயசு 84. சாயங்காலமானா வெளியில உக்கார்றது அவங்களுக்குப் பிடிக்கும். மண்ணு மேடும் பள்ளமுமா இருந்ததால போட்டது.

தேக்குப் பலகை, 8 அங்குல அகலம், 10 அடி நீளம், மொத்தம் 18. இடுக்குக்கு 5 எம்.எம். விட்டுப் போட்டாங்க. அப்ப பார்க்க அழகா இருந்தது. பங்குனி வெயில் ஏறினதும் இடுக்கு விரிய ஆரம்பிச்சது. நேத்து ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளந்தேன். பெரும்பாலும் 10லேருந்து 12 எம்.எம். வரைக்கும் இருக்கு. பென்சிலைப் படுக்க வச்சா அப்படியே கீழ விழுந்துடுது.

போன வாரம் அப்பத்தாவோட ஊன்றுகோல் நுனி இடுக்குல இறங்கி மாட்டிக்கிச்சு. அவங்க இன்னொரு கையால தூணைப் பிடிச்சிருந்ததால விழலை. கோல் நுனியில இருந்த பித்தளைப் பூண் கழண்டு விழுந்து இன்னும் பலகைக்குக் கீழதான் கிடக்கு. அதுக்கப்புறம் அவங்க அந்தப் பக்கமே வரமாட்டேங்கறாங்க. எனக்கு மனசு கேக்கலை.

வேலை செஞ்சு குடுத்தவர்கிட்ட கேட்டா, "சிலிகான் அடிச்சு அடைச்சிடலாம், ஒரு நாள் வேலை" அப்படிங்கறார். (அவர் பேர் வேண்டாம்.) அடைக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோட்டையூர் வாசகன்

நான் எங்க வீட்டு நிலைக்கதவுல இருந்த விரிசலுக்கு மரத்தூளையும் பெவிகாலையும் பிசைஞ்சு பட்டி மாதிரி அடைச்சேன். மூணு வருஷமா நல்லா இருக்கு. சிலிகானை விட அது செலவும் கம்மி, நிறமும் ஒத்துப்போகும்.


உளியும் கொட்டாப்புளியும்

கோட்டையூர் அண்ணே, நிலைக்கதவு வீட்டுக்குள்ள இருக்கு, மழை நேரா படாது. அதுவும் நீங்க அடைச்சது ஒரே மரத்துக்குள்ள விழுந்த விரிசல். இவர் கேக்கறது ரெண்டு தனித்தனிப் பலகைக்கு நடுவுல இருக்கிற இடம். ரெண்டும் வேற வேற சங்கதி.

திறந்தவெளித் தளத்துல இடுக்கை அடைக்கவே கூடாது. மழைத் தண்ணி கீழ வடியறதுக்கும், பலகையோட அடிப்பக்கம் காத்து பட்டுக் காயறதுக்கும்தான் அந்த இடம் விடறது. அடைச்சா தண்ணி மேலேயே நிக்கும். சிலிகான் பலகையை விட்டு ஒரு பக்கமா உரிஞ்சு வரும், அந்த நூல் சந்துல தண்ணி இறங்கிக் காயாம அங்கேயே கிடக்கும். அப்புறம் பலகை ஓரம் ஓரமா உளுத்துப் போகும். எங்க அப்பா காலத்துலேருந்து காரைக்குடியில மரவேலைதான் பார்க்கறோம். இப்படி அடைச்ச தளத்தைப் பிரிக்கப் போயி, கையால அள்ற மாதிரி இத்துப்போன பலகையை நானே எடுத்திருக்கேன்.

உங்க கேள்விக்கு வர்றேன். மூணு விஷயம் சொல்லுங்க. மரம் பழசா, புதுசா அறுத்ததா? திருகாணிக்குத் துளை போட்டப்ப தூள் எப்படி வந்தது? பலகைக்கும் மண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி?


கானாடுகாத்தான்காரன்

மரம் புதுசு. அறுவை மில்லுலேருந்து நேரா லாரியில வந்து இறங்கின மூணாம் நாள் வேலை ஆரம்பிச்சாங்க, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம். துளை போடறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். தூள் பொடியா உதிரலை, ஈரமா சுருண்டு டிரில் பிட்டுலேயே ஒட்டிக்கிட்டு வந்தது. அப்ப எனக்கு ஒண்ணும் தோணலை. கீழ செங்கல் கட்டை மேல பலகையைத் தாங்கற சட்டம், மண்ணுலேருந்து ஒரு சாண் இருக்கும். காத்து நல்லா போகுது.


உளியும் கொட்டாப்புளியும்

அதான் விஷயம். பச்சை மரத்தைப் போட்டிருக்காங்க. தளம் போட்ட விதத்துல பெரிய குத்தமில்லை, அடியில காத்தோட்டமும் இருக்கு. மரம் காயறதுக்கு முன்னாடி போட்டதுதான் குத்தம். ஈர மரத்துக்கு 5 எம்.எம். விட்டா அது காய்ஞ்சதும் ரெண்டு மடங்காத்தான் ஆகும். ஈரப் பலகையை ஒட்டி ஒட்டிப் போடணும், காய்ஞ்ச பலகைக்குத்தான் இடம் விடணும். இதை மாத்திச் செஞ்சுடறாங்க.

இன்னொண்ணு, 8 அங்குலம் வெளித் தளத்துக்கு ரொம்ப அகலம்.


புதுவயல் பொறியாளர்

மேலே சொன்னதைக் கணக்கோடு பார்க்கலாம்.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில்தான் சுருங்கும், ஊதும். ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காய்ந்தால், வெட்டு முனையில் தெரியும் வருஷ வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய 2.5 சதவீதமும் குறையும். மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. தேக்குக்கு மதிப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் பலகை போடும்போது 25 சதவீத ஈரத்தில் இருந்து, சித்திரை வெயிலில் 10-க்கு வந்திருந்தால் 15 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் குறையும். 8 அங்குலம் என்பது 200 எம்.எம். சொச்சம். அதில் கிட்டத்தட்ட 6 எம்.எம். போய்விட்டது. விட்டது 5, சேர்ந்தது 6, ஆக 11. உங்கள் ஸ்கேல் காட்டியதும் அதுதான்.

இனி இதே பலகை மழைக்காலத்தில் 18 சதவீதம் வரை ஏறினாலும் 3 எம்.எம். தான் ஊதும். அதாவது இந்த 11 அடுத்த கார்த்திகையில் 8 ஆகும், மறுபடி சித்திரையில் 11 ஆகும். தானாக மூடிக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம்.


தேவகோட்டை மருமகள்

நடுவுல ஒரு கேள்வி, தப்பா நினைக்காதீங்க. எங்க மாமனார் வீட்டு மெத்தையில (மாடியில) ஒரு அறைக்கு வெறும் பலகை மச்சுதான் (பலகைத் தளம்), மேல செங்கலோ காரையோ கிடையாது. 1942-ல பர்மாவை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னால வந்த மரம்னு மாமா சொல்லுவாங்க. உத்திரமெல்லாம் இன்னும் கல்லு மாதிரி இருக்கு. ஆனா பலகைக்குப் பலகை 2, 3 எம்.எம். இடுக்கு. மேல யாராவது நடந்தா கீழ அடுக்கி வச்சிருக்கிற சம்படத்து மூடியெல்லாம் பொடி விழுது. ஒருத்தர் வந்து பார்த்துட்டு, மேல எப்பாக்சி ஊத்தி ஒரே வழவழன்னு ஆக்கிடலாம்னு சொல்றார். எனக்குச் சரியாப் படலை. இதுக்கும் அடைக்கக் கூடாதுங்கிற அதே பதில்தானா?


உளியும் கொட்டாப்புளியும்

ஆச்சி, உங்களுக்குச் சரியாப் படாதது சரிதான். எப்பாக்சி வேண்டவே வேண்டாம். அது ரெண்டு பலகையையும் ஒண்ணா இறுக்கிப் பிடிச்சுக்கும். மரம் சுருங்காம இருக்காது. இடுக்குல சுருங்க இடமில்லைன்னா, மரத்துக்குள்ளேயே பலவீனமான ஒரு இடத்தைப் பார்த்துப் பிளந்துக்கும். நூறு வருஷத்துப் பர்மாப் பலகை நீட்டுக்கு வெடிச்சா அதுக்கு மாத்து எங்க போய்த் தேடுவீங்க?

உங்களது வீட்டுக்குள்ள இருக்கிற தளம், தண்ணி வடிய வேண்டியதில்லை. அதனால அடைக்கலாம். எதால, எப்படிங்கறதுதான் முக்கியம்.

எங்க அப்பா செய்யறதைச் சொல்றேன். முதல்ல நல்ல வெயில் காலத்துல, இடுக்கு முழுசா விரிஞ்சிருக்கிறப்பதான் ஆரம்பிப்பார். மழையில அளந்து அடைச்சா வெயில்ல லூசாகிக் கீழ விழும். பழைய ஹேக்ஸா பிளேடை இடுக்குல விட்டு உள்ள இருக்கிற அழுக்கையெல்லாம் இழுத்து எடுப்பார். எவ்வளவு வரும்னு நம்பமாட்டீங்க. ஒரு தடவை ஒரே இடுக்குலேருந்து குண்டூசி, நெல்லு, ஒரு வெள்ளைப் பாசிமணி, கறுத்துப்போன காலணா எல்லாம் வந்தது. வீட்டு ஆச்சி அந்தக் காலணாவைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் அதே பழைய பர்மாத் தேக்குல கீத்து (மெல்லிசான நீளத் துண்டு) சீவணும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய மரச்சாமான் கடைகள்ல உடைஞ்ச சட்டம், ஜன்னல் கட்டைன்னு துண்டு கிடைக்கும். புதுத் தேக்கு வேண்டாம், நிறம் எடுத்துக் காட்டும். கீத்தை மேல அகலமா, அடி சன்னமா, ஆப்பு மாதிரி இழைக்கணும். அதோட ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் பசை. அந்தக் காலத்துல வச்சிரம் காய்ச்சித் தடவுவாங்க, இப்ப கடையில கிடைக்கிற மரப்பசையே போதும். இடுக்குல வச்சு கொட்டாப்புளியால (மரச் சுத்தியால) மெதுவாத் தட்டி இறக்கணும். அடிக்கக் கூடாது, தட்டணும். மேல துருத்திக்கிட்டு நிக்கறதை மறுநாள் பசை இறுகினப்புறம் இழைப்புளி போட்டுச் சமன் பண்ணணும்.

ஒரு பக்கம் மட்டும் ஏன்னா, கீத்து ஒரு பலகையோட மட்டும் சேர்ந்து நகரும், இன்னொரு பலகை தன் பாட்டுக்கு நகர்ந்துக்கும். சித்திரையில மயிரிழை இடுக்கு தெரியும், கார்த்திகையில அதுவும் மூடிக்கும். பொடி விழாது.

ஒரு எம்.எம்-க்குக் குறைவா இருக்கிற இடுக்கை அப்படியே விட்டுடுங்க.


தேவகோட்டை மருமகள்

மனசு நிறைஞ்ச நன்றி. எப்பாக்சிக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். இந்தச் சித்திரை முடிஞ்சுபோச்சே, ஆடி வரைக்கும் வெயில் இருக்கும் இல்லையா, ஆரம்பிக்கலாமா?


உளியும் கொட்டாப்புளியும்

தாராளமா. ஆவணிக்குள்ள முடிச்சுடுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உத்திரத்தோட சுவத்துக்குள்ள போற முனையை உளியால லேசாத் தட்டிப் பாருங்க. சத்தம் கணகணன்னு வந்தா நல்லது. டொப்புனு வந்தா உள்ள கரையான் இருக்கலாம். அப்ப இடுக்கு வேலையை நிறுத்திட்டு முதல்ல அதைப் பார்க்கணும்.


தொண்டிக் கடற்கரை

நான் படகு கட்டுற குடும்பம். எங்க வழக்கத்துல பலகை இடுக்குல பஞ்சுத் திரியைத் திணிச்சு, குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சி மேல பூசுவோம். கலப்பத்துன்னு பேரு. கடல்லயே தண்ணி புகாது. கானாடுகாத்தான் தளத்துக்கு ஏன் அதைச் செய்யக் கூடாது?


புதுவயல் பொறியாளர்

நல்ல கேள்வி. படகுக்கு அது சரியாக வருவதற்குக் காரணம், படகு எப்போதும் தண்ணீரில் கிடக்கிறது. பலகை ஊதிப் பஞ்சை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. கரையேற்றி ரெண்டு மாசம் வெயிலில் போட்ட தோணி, மறுபடி கடலில் இறக்கும்போது முதல் நாள் தண்ணீர் கசிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்களில் மேல்தளத்தைத் தினமும் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவியதற்கு இதுவும் ஒரு காரணம், பலகை காய்ந்து இடுக்கு விரியக் கூடாது என்று.

செட்டிநாட்டு வெயிலில் மரத் தளத்துக்கு அந்த ஈரம் வருஷத்தில் ரெண்டு, மூணு மாசம்தான். மீதி மாசங்களில் பஞ்சு லூசாகிவிடும். அதோடு இவருக்குத் தண்ணீர் வடிய வேண்டும், தேங்கக் கூடாது. உங்களுக்கு வேண்டியது இவருக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.


தொண்டிக் கடற்கரை

உண்மைதான், கரையில கிடந்த படகு கசியத்தான் செய்யும். ரெண்டு நாள் ஊற வச்சாத்தான் அடங்கும். ஏத்துக்கறேன்.


கானாடுகாத்தான்காரன்

அப்ப பிரிச்சுத்தான் போடணும். மரம் முழுசாக் காய்ஞ்சிருச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஈரம் பார்க்கற மீட்டர் எங்கிட்ட இல்லை. இன்னொரு விஷயம், ரெண்டு பலகை கிண்ணம் மாதிரி நடுவுல குழிஞ்சு கிடக்கு. போன மழையில அதுல தண்ணி தேங்கினது.


புதுவயல் பொறியாளர்

மீட்டர் இல்லாமலும் பார்க்கலாம். மிச்சம் கிடக்கும் துண்டுப் பலகை ஒன்றை எடுத்துத் தளத்தின் மேலேயே வெயில் படுகிற மாதிரி வையுங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்துத் தேதி போட்டு எழுதுங்கள். மழையில் நனையாமல் தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையவில்லை என்றால் அது இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. காற்றில் காயவைத்தால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது மரக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. உங்கள் பலகை அறுத்து ஏழு மாசம் ஆகிறது, அதில் நாலு மாசம் நல்ல வெயில். கிட்டத்தட்ட வந்திருக்கும்.


உளியும் கொட்டாப்புளியும்

குழிஞ்ச பலகையோட வெட்டு முனையைப் பாருங்க. வளையம் வில்லு மாதிரி தெரியும். பட்டைப் பக்கம் எப்பவும் கூடுதலாச் சுருங்கும், அதனால அந்தப் பக்கம்தான் குழியும். அகலம் கூடக் கூட குழியும் கூடும்.

என் யோசனை, 18 பலகையையும் எடுத்து மில்லுல குடுத்து நீளவாக்குல ரெண்டா அறுத்துடுங்க. 4 அங்குலப் பலகை 36 ஆகும். அப்ப ஒவ்வொரு இடுக்கும் வருஷத்துல ஒண்ணரை எம்.எம். தான் அசையும், 3 இல்லை. குழியறதும் பாதிக்கு மேல குறையும். குழிஞ்ச ரெண்டையும் அறுத்தப்புறம் ஒரு தடவை இழைச்சாச் சமனாயிடும். அறுக்கறப்ப ஓரத்துல வெளுப்பா வெளிறு இருந்தா அதைச் சீவி எறிஞ்சுடுங்க. கரையானும் பூஞ்சையும் முதல்ல அதுலதான் கை வைக்கும். வைரம் பாஞ்ச உள்பாகம் போதும்.

இடுக்கு 5 எம்.எம். போதும். கண்ணால மதிப்புப் போட்டு வைக்க வேண்டாம், 5 எம்.எம். கனத்துல ஒரே மாதிரி நாலு துண்டு சீவி வச்சுக்கிட்டு நடுவுல நிறுத்தி நிறுத்தித் திருகுங்க. இரும்புத் திருகாணி வேண்டாம், தேக்குல இருக்கிற சத்து இரும்போட சேர்ந்து மழையில கறுப்பா வழியும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) போடுங்க. பலகை அடியையும் ஓரத்தையும் வெட்டு முனையையும் போடறதுக்கு முன்னாடியே எண்ணெய் பூசிடணும், போட்டப்புறம் தூரிகை போகாது. வெட்டு முனைக்கு ரெண்டு தடவை, அதுதான் தண்ணி குடிக்கும்.

ஆளிவிதை எண்ணெய்னா ஒரு எச்சரிக்கை. துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. அது தானாவே சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சு வெளியில காயப் போடுங்க, இல்லைன்னா தண்ணி வாளியில முக்கி வையுங்க. பழைய மர வீட்டுக்குள்ள இருக்கிறவங்க இதை லேசா எடுத்துக்கக் கூடாது.


கானாடுகாத்தான்காரன்

இடுக்கு சின்னதானா தளத்தோட மொத்த அகலம் குறையுமே?


புதுவயல் பொறியாளர்

குறையும். அறுவையில் பலகைக்கு 3 எம்.எம். தூளாகப் போகும், 18 பலகைக்கு 54. இடுக்குகள் முன்பு 17 × 11 = 187 எம்.எம்., இனி 35 × 5 = 175, அதில் 12 குறையும். மொத்தம் 66 எம்.எம்., பழைய அகலம் வேண்டுமென்றால் சுமார் இரண்டரை அங்குலத்தில் ஒரு சிறிய பலகை கூடுதலாக வேண்டியிருக்கும். வெளிறைச் சீவினால் இன்னும் கொஞ்சம். அந்தச் சிறிய பலகையைச் சுவரோரம் வைத்துவிடுங்கள், தெரியாது. சுவருக்கும் தளத்துக்கும் நடுவிலும் 10 எம்.எம். விட மறக்க வேண்டாம்.


கானாடுகாத்தான்காரன் (மார்கழி)

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். முடிவு என்னாச்சுன்னு சொல்லாமப் போறது முறையில்லை.

துண்டுப் பலகையை ஆனி முழுக்க நிறுத்துப் பார்த்தேன். முதல் வாரம் 1,140 கிராம், அடுத்தது 1,132, அப்புறம் மூணு வாரமா 1,130-லேயே நின்னுச்சு. ஆடி பிறக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சோம். கீழே அப்பத்தாவோட பூண் கிடைச்சது, கூடவே ஒரு கூடை வேப்பம்பூவும் சருகும். ஒரு சட்டத்து மேல அது மழையில ஊறிக் கறுப்புச் சேறாட்டம் அப்பிக்கிட்டு இருந்தது. அந்த இடத்துல மட்டும் விரலால அழுத்தினா மரம் லேசா உள்வாங்குது. ஒரே மழைக்காலத்துல அவ்வளவு. சிலிகான் அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்பதான் புரிஞ்சது. அந்தச் சட்டத்தை மாத்திட்டோம்.

மில்லுல அறுத்து வாங்கி, நீங்க சொன்ன மாதிரியே எண்ணெய் பூசி, 5 எம்.எம். துண்டு வச்சுப் போட்டாச்சு. வேலைக்கு இந்தத் தடவை வேற ஆசாரி. அவர் ஒவ்வொரு பலகையையும் முனையைப் பார்த்துத் திருப்பித் திருப்பி வச்சுத்தான் போட்டார். ரெண்டு நாள் நினைச்ச வேலை ஆறு நாள் ஆச்சு.

நேத்து அளந்தேன், நல்ல மழைக்கப்புறம். இடுக்கு மூணரை, சில இடத்துல நாலு. தண்ணி நிக்கலை. அப்பத்தா ஊன்றுகோலுக்குப் பூணுக்குப் பதிலா அகலமான ரப்பர் குல்லா மாட்டிக் குடுத்தேன். முதல் மூணு நாள் வாசல்படியிலேயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. நாலாம் நாள் கோலால ஒவ்வொரு பலகையா அழுத்திப் பார்த்துக்கிட்டே வந்து பழைய இடத்துல உக்கார்ந்துட்டாங்க.


தேவகோட்டை மருமகள்

படிக்கவே சந்தோஷமா இருக்கு. எங்க மச்சும் ஆவணியில முடிஞ்சது, 22 கீத்து இறக்கினாங்க. சம்படத்து மூடி இப்ப சுத்தமா இருக்கு. எங்க இடுக்குலேருந்து காலணா எதுவும் வரலை, ஒரு கொண்டை ஊசி வந்தது. மாமியாரோடதாம். எடுத்து வச்சிருக்கேன்.


உளியும் கொட்டாப்புளியும்

ரெண்டு பேருக்கும் சந்தோஷம். கானாடுகாத்தான் அண்ணே, பங்குனியில வேப்பம்பூ மறுபடி கொட்டும். வாரம் ஒரு தடவை ஹேக்ஸா பிளேடால இடுக்கைக் கீறி விட்டுடுங்க. முக்கியமா சட்டத்துக்கு நேர் மேல இருக்கிற இடம், அங்கதான் கீழ விழாம தங்கும்.